கிடை அச்சில் விலை

ஜனவரி 20, திங்கள்

பரீட்சை நேர அட்டவணையை இன்று ஒட்டினார்கள். மார்ச் மூன்றாம் திகதி முதல் தாள், நுண்பொருளியல். இரண்டாம் ஆண்டின் கடைசிப் பரீட்சை இது. இதன் பிறகு எங்கள் நாற்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேரைப் பொருளியல் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் மூன்றாம் வருடத்தோடு பொதுப் பட்டம் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். இதுவரையான புள்ளிகளின்படி நான் பத்தாவது. என்னை இரண்டு பேர் முந்தலாம். மூன்றாவது ஆள் முந்தினால் நான் வெளியே.

மாலையில் அம்மா அழைத்தார். மன்னார் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுநராக இருப்பதால் எந்த நியமனம் எப்போது வரும் என்பது அவருக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. அடுத்த வருடம் பட்டதாரிகளுக்கு அரச வேலை நியமனம் இருக்குமாம்.

"மூண்டு வருசத்தோட வந்தியெண்டால் அதுக்குள்ள போடலாம். ஸ்பெசல் எண்டு இன்னொரு வருசம் இருந்து என்ன செய்யப் போறாய் ஜெனி?"

சிறப்புப் பட்டம் இருந்தால் திட்டமிடல் சேவைக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கிணற்றில் அள்ளிக் குளித்தோம்.

ஜனவரி 22, புதன்

கன்ரீனில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுகிர்தன் வந்து முன்னால் உட்கார்ந்தான். எங்கள் வகுப்புத்தான், முல்லைத்தீவுப் பெடியன். எதையும் ஒரே தரத்தில் ஏற்றுக்கொள்ளமாட்டான். விரிவுரையில் வினாக் கேட்டே பாதி நேரத்தைத் தின்றுவிடுவான். நுண்பொருளியலுக்கு ஒரு குப்பி வைக்க முடியுமா என்று கேட்டான்.

பரீட்சைக்கு முன்னால், விளங்கினவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதை வளாகத்தில் குப்பி என்பார்கள். அந்தக் காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் வந்த பெயராம். அதற்குச் சம்பளம் இல்லை. யார் குப்பி வைக்கிறார்கள் என்று விரிவுரையாளர்களிடம் சொல்வதும் இல்லை.

எனக்கு நேரமில்லை என்றேன். எங்கள் நுண்பொருளியல் விரிவுரையாளர் தவனேசன் சேர் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது பக்கம் ஓடுகிறார், தனக்கு ஒன்றும் ஏறவில்லை என்றான். ஒரு நாள் மட்டும் என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

ஏழு பேர் வந்தார்கள். கன்ரீனுக்குப் பின்னால் உள்ள திறந்த மண்டபம். அங்கே இருக்கும் கரும்பலகையில் நடுவில் ஒரு வெடிப்பு. எந்தக் கோடு போட்டாலும் பாதியில் துள்ளுகிறது.

பொருளுக்குள்ள தேவையைக் காட்டும் கேள்வி வளையியில் தொடங்கினேன். விலை ஏறினால் ஆட்கள் குறைவாக வாங்குவார்கள், இறங்கினால் கூடுதலாக வாங்குவார்கள். அதைக் காட்டும் கோடு. வழக்கம்போல் நிலைக்குத்து அச்சில் விலை என்றும், கீழே கிடை அச்சில் வாங்கும் அளவு என்றும் எழுதினேன். சுகிர்தன் கையை உயர்த்தினான்.

"விலை மாறுறதாலதான் அளவு மாறுது எண்டு சொல்லுறாய். கணிதத்தில காரணத்தைக் கீழயும் விளைவை மேலயும் போடச் சொல்லித்தானே படிப்பிச்சவை. இதில ஏன் மாறிக் கிடக்கு?"

புத்தகத்தில் அப்படித்தான் என்றேன். புத்தகத்தில் ஏன் அப்படி என்றான். மற்ற ஆறு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நேரமாகிவிட்டது, திங்கள் சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டேன். ஒரு நாள் மட்டும் என்று சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

நூலகத்தில் பகல் முழுவதும் தேடினேன். தொடக்கத்தில் பெரிய பொருளியலாளர் ஒருவர் விலையை மேலே வைத்து வரைந்திருக்கிறார். அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் காரணத்தை விட்டுவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் விடை. இரண்டு வருடமாக நானும் படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

பதினொரு பேர். விலையைக் கிடை அச்சிலும் அளவை நிலைக்குத்து அச்சிலும் போட்டு, எல்லாப் படங்களையும் முதலிலிருந்து வரைந்தேன். விலையோடு கையை வலப்பக்கம் நகர்த்து, வாங்கும் அளவு இறங்குவதைப் பார். அவ்வளவுதான். விலைக்கு அளவு எவ்வளவு அசையும் என்பதைச் சொல்லும் நெகிழ்ச்சியின் பெயரைக் கேட்டாலே முகம் இருண்டுபோகிறவர்கள் தாங்களாகவே கணக்குப் போட்டார்கள். சுகிர்தன் ஒன்றும் கேட்கவில்லை. எழுதியபடியே தலையை மட்டும் ஆட்டினான். இரண்டு வருடத்தில் அவன் தலையாட்டி நான் பார்த்தது இன்றுதான்.

வெண்கட்டித் தூள் சட்டையெல்லாம். துவைக்கத் தண்ணீர் இல்லை.

பெப்ரவரி 3, திங்கள்

பதினெட்டுப் பேராகிவிட்டார்கள். அதில் ஒருத்தி என் அறைத்தோழி துவாரகா. நான் இரவில் அறையில் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பதால் அவளுக்கு எப்படியும் நித்திரை இல்லையாம். அதனால் நேரிலேயே வந்து இருக்கிறாளாம். அவள் பதினோராவது இடத்தில் இருக்கிறாள். எனக்கு அடுத்த இடம்.

சாப்பிடும்போது சொன்னாள்: "பத்தாவதா இருந்துகொண்டு பதின்மூண்டாவது ஆளுக்குப் படிப்பிக்கிறாய். பொருளியல் படிக்கிறவள் செய்யிற வேலையா இது?"

பதின்மூன்றாவது ஆள் சுகிர்தன். சொல்லிக் கொடுத்தால் எனக்கே நன்றாக மனதில் நிற்கிறது, அதனால்தான் செய்கிறேன் என்றேன். அவள் பருப்பை என் சாப்பாட்டுக் கோப்பையில் ஊற்றினாள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், விடுமுறை. தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் துவைத்தேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் ஒரு மணிக்குத் தவனேசன் சேரின் விரிவுரை. சேர் விலையை மேலே வைத்துப் படம் போட்டார். எங்கள் பதினெட்டுப் பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சுகிர்தன் என்னை "ரீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறான். கன்ரீனிலும் அப்படித்தான். வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். திட்டமிடல் சேவைக்குப் போகிறவளை ரீச்சர் என்பது சரியில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

கடைசிக் குப்பி. இன்றைக்குப் படங்களைப் புத்தகத்தில் உள்ளபடி திருப்பிக் காட்டவேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். ஆனால் வந்ததும் ஆளுக்கொரு வினா. எல்லோரும் நான் போட்ட படத்தை வைத்தே கேட்டார்கள், அந்தப் படத்திலேயே சண்டை பிடித்தார்கள். பின் வரிசையில் இருந்த பர்ஹானா, வாய் திறக்காதவள், எழும்பி வந்து என் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி ஒரு கோட்டைத் திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி.

இந்த நேரத்தில் திருப்பினால் குழம்பிப்போவார்கள். அச்சுகளுக்குப் பெயர் எழுத மறக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பெயர் எழுதினால் எந்தப் பக்கம் வரைந்தாலும் சரிதானே.

மார்ச் 3, திங்கள்

நுண்பொருளியல். விலைக்கட்டுப்பாடு பற்றி ஒரு பெரிய வினா, நாற்பது புள்ளி. நன்றாக எழுதினேன். பெரிய வினாவுக்குப் பக்கத்திலேயே படத்தைப் புத்தகத்தில் உள்ள விதமாகவும் ஒரு தரம் போட்டுவைத்தேன். அதனால் கடைசி வினாவைக் கொஞ்சம் ஓடி முடிக்கவேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் சிரித்த முகம். சுகிர்தன் மண்டபத்து வாசலில் நின்று எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தான்.

மார்ச் 20, வியாழன்

பரீட்சைகள் முடிந்தன. பகல் முழுவதும் நித்திரை.

ஏப்ரல் 8, செவ்வாய்

புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போக எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பகலில், துறை அலுவலகத்துக்கு வரச்சொல்லிப் பெயர்ப் பட்டியல் வந்தது. பதினெட்டுப் பேரின் பெயர்கள். என் பெயர் அதில் இல்லை.

துவாரகா போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நுண்பொருளியல் விடைத்தாள்களில் பதினெட்டில் ஒரே மாதிரிப் படமாம், விலை கீழே, அளவு மேலே. எந்தப் புத்தகத்திலும் இல்லாத படம், எந்த விரிவுரையிலும் போடாத படம். வினாத்தாள் முன்கூட்டியே வெளியே போய், யாரோ எழுதிய விடையை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கவேண்டும் என்று சேர் நினைக்கிறார். பரீட்சை முறைகேடு என்று முடிவானால் ஒரு வருட இடைநிறுத்தம். சிறப்புப் பட்டத்துக்கு வாழ்நாளில் விண்ணப்பிக்க முடியாது.

குப்பி என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பிறகு கேட்டாள்: "உன்ர பேர் ஏன் வரேல்லை?"

என் விடைத்தாளில் இரண்டு படமும் இருக்கிறது என்றேன்.

"ரெண்டும் போட்டனியோ?"

"ஓம். நேரம் இருந்தது."

"எங்களுக்கும் சொல்லியிருக்கலாம் ஜெனி."

பெட்டியை மூடிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மின்விசிறி சத்தம் போடுகிறது. எண்ணெய் விடச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கலாநிதி தவனேசன் கெட்ட மனிதர் அல்ல. விரிவுரைக்கு ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை, யாருக்கும் சும்மா புள்ளி போட்டதும் இல்லை, குறைத்ததும் இல்லை. மேசையில் விடைத்தாள்கள் கட்டாக இருந்தன. என்னுடையது தனியே.

"உமக்குப் பிரச்சினை இல்லை. புத்தகப் படமும் சரியாப் போட்டிருக்கிறீர். மற்றப் படம் எங்கயிருந்து வந்தது எண்டு தெரியாது எண்டு ஒரு வரி எழுதித் தாரும், அவ்வளவு காணும். உம்மட புள்ளியை நான் அப்பிடியே அனுப்புவன்."

நாளைக்குத் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

பின்னேரம் துணி துவைத்தேன். பதினெட்டுப் பேரும் போனால் மிஞ்சுவது இருபத்துமூன்று பேர். எனக்கு முன்னால் இருக்கும் ஒன்பது பேரில் குப்பிக்கு வந்தவர்கள் ஆறு பேர். அவர்களை எடுத்துவிட்டால் நான் நான்காவது. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். துணியை இரண்டு தரம் அலசியிருக்கிறேன் என்பது காயப்போடும்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

எட்டரைக்கே போய் நின்றேன். சேர் அறைக் கதவைத் திறந்தார். கையில் கடதாசி இல்லாததைப் பார்த்தார்.

"அந்தப் படத்தைச் சொல்லிக் குடுத்தது நான்தான் சேர். ஜனவரியில இருந்து. கன்ரீனுக்குப் பின்னால."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சுகிர்தனின் வினா, நூலகத்தில் தேடியது, கடைசி நாள் திருப்பிக் காட்டாமல் விட்டது. வினாத்தாள் எதுவும் வெளியே போகவில்லை, போனது என் படம் மட்டும்தான் என்றேன். விலையைக் கீழே வைப்பது பிழை இல்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்படியானால் என் பெயரையும் சேர்க்கவேண்டி வரும், என் பெறுபேறும் நிறுத்தப்படும் என்றார். தெரியும் என்றேன். பிறகு ஒன்று கேட்டேன். மனப்பாடம் செய்தவர்களுக்குப் புதிய வினாவுக்கு வரையத் தெரியாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு வேறு வேறு வினா கொடுத்துப் பாருங்கள்.

சேர் விடைத்தாள் கட்டைக் கையில் எடுத்தார். "ஒராள் பிழைச்சாலும் எல்லாருக்கும் பிழைக்கும், விளங்குதோ?" என்றார். விளங்குகிறது என்றேன். விடுமுறை முடிந்து இருபத்திரண்டாம் திகதி விசாரணைக் குழு. வெளியிலிருந்து இரண்டாம் மதிப்பீட்டாளரும் வருவாராம். அதுவரை குப்பி எதுவும் வைக்கக்கூடாது.

அறைக்கு வந்து துவாரகாவிடம் சொன்னேன். அவள் எழும்பி, பெட்டியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த தொதல் இனிப்புப் பொதியைப் பிரித்துப் பாதியை என்னிடம் தந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. ஊரில், பேசாலைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன்குழம்பும் இடியப்பமும். அம்மா நியமன அறிவித்தலின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். விசாரணையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பர்ஹானா வாய் திறப்பாளா? சுகிர்தன் வாயை மூடுவானா? இந்த இரண்டையும்தான் யோசித்துக்கொண்டு இருந்தேன்.

ஏன் ஒரே யோசனை என்று அம்மா கேட்டார். பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்று யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை நடந்தது. ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

குழுவில் மூன்று பேர்: பீடத்திலிருந்து ஒருவர், தவனேசன் சேர், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை. அறுபது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னதைப் பேராசிரியை முழுவதும் கேட்டுவிட்டு, மூலையில் ஒரு கதிரையைக் காட்டினார். அங்கே இருக்கலாம், ஆனால் கண்ணாலும் கையாலும் ஒரு சைகையும் காட்டக்கூடாது. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு துண்டில் வினா, ஒரு வெள்ளைத் தாள். துவாரகா மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, வேறு வினா இருந்தால் தாருங்கள் என்று கேட்டாள். அது அவளுடைய குணம். பர்ஹானாவுக்கு அரிசி இறக்குமதி பற்றி வந்தது. தாளைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். பேராசிரியை தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்தாள். ஒரு கோடும் பிழையில்லை. சேர் தன் பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

சுகிர்தன் கடைசி ஆள். அவனுடைய துண்டில் இருந்தது: சீனிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வரி போட்டால் அந்த வரியை உண்மையில் சுமப்பது யார்?

விலையைக் கீழே போட்டு வரைந்தான். கேள்விக்கோட்டை ஏறக்குறையப் படுக்கையாகப் போட்டான். பேராசிரியை ஏன் இப்படி என்று கேட்டார்.

"சீனி என்ன விலை வித்தாலும் எங்கட ஆக்கள் தேத்தண்ணியைக் குறைக்கமாட்டினம் மிஸ். விலை எவ்வளவு தூரம் போனாலும் வாங்குற அளவு பெரிசா இறங்காது. அதால கோடு படுத்துக் கிடக்கு. வரியில கனக்க வாங்குறவன்ர தலையிலதான்."

"புத்தகத்தில இந்தக் கோடு நிமிர்ந்தெல்லோ நிக்கும்?"

என் கைகள் தொடைக்குக் கீழே மரத்துப்போயிருந்தன. இந்த வினாவுக்கு விடையைத்தான் நான் கடைசிக் குப்பியில் சொல்லாமல் விட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தான். பிறகு எழும்பி யன்னலடிக்குப் போனான். தாளின் கீழ் இடது மூலையை ஒரு கையாலும் மேல் வலது மூலையை மற்றக் கையாலும் பிடித்து, முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்டி, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினான். தாளின் முதுகு வழியாகக் கோடுகள் தெரிந்தன. கீழே இருந்த விலை மேலே போயிருந்தது. படுத்துக் கிடந்த கோடு நிமிர்ந்து நின்றது.

"இஞ்ச பாருங்கோ மிஸ். நிக்குது."

பேராசிரியை கழுத்தில் கிடந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து யன்னலடிக்குப் போனார். தாளை வாங்கித் தானே ஒரு தரம் புரட்டிப் பார்த்தார். "தவனேசன், இஞ்ச ஒருக்கா வாரும்," என்றார். சேரும் போனார். சுகிர்தனோடு மூன்று பேரும் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இதை யார் காட்டித் தந்தது என்று பேராசிரியை கேட்டார்.

"நானேதான். விரிவுரையில சேர் போடுற படத்தை எங்கட படத்தோட பொருத்திப் பாக்க வேணுமே. கொப்பியை இப்பிடிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் பாப்பன்." பிறகு என் பக்கம் தலையைச் சாய்த்தான். "ரீச்சருக்கும் தெரியாது."

உண்மை. எனக்குத் தெரியாது.

பேராசிரியை என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார், பட்டம் முடித்து என்ன செய்வதாக இருக்கிறேன் என்று. திட்டமிடல் சேவை என்றேன். அப்படியா என்றார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தீர்ப்பு வந்தது. முறைகேடு எதுவும் நடக்கவில்லை. அச்சுகளுக்குச் சரியாகப் பெயர் எழுதியிருந்தால் படத்துக்கு முழுப் புள்ளி. நான்கு பேர் பெயர் எழுத மறந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் குறையும். அந்த நான்கு பேரோடும் நான் தனித்தனியாகப் பேசினேன், அதாவது ஏசினேன்.

சேரை மாடிப்படியில் சந்தித்தேன். மேலே ஏறிக்கொண்டிருந்தவர் நின்றார். பதினெட்டுப் பேருக்கு விளங்கியதில் பாதியாவது தன் விரிவுரையில் விளங்கியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன் என்றார். குரலில் கோபம் இல்லை. எந்த நாட்களில் குப்பி நடக்கிறது என்று கேட்டார். திங்களும் வியாழனும் என்றேன். அந்த வெடித்த பலகையில் வேண்டாம், இரண்டாம் மாடியில் நான்காம் அறை பின்னேரங்களில் சும்மாதான் கிடக்கிறது, கதவுத் திறப்பைத் தரும்படி அலுவலகத்தில் சொல்லிவைக்கிறேன் என்றார்.

மே 15, வியாழன்

பெறுபேறு.

பத்து மணிக்கு ஒட்டுவோம் என்றார்கள், பதினொன்றரைக்கு ஒட்டினார்கள். ஆட்கள் முண்டியடித்ததில் என் செருப்பு ஒன்று கழன்று போனது. துவாரகா உயரம் என்பதால் அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவான பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குப்பியில் இருந்தவர்கள். துவாரகா ஐந்தாவது. பர்ஹானா ஏழாவது. சுகிர்தன் பத்தாவது. நான் பதினோராவது.

"படிப்பிச்சுப் படிப்பிச்சு ஓரிடம் பின்னுக்குப் போனது நீ ஒராள்தான்," என்றாள் துவாரகா. சொல்லிவிட்டு அத்தனை பேருக்கு நடுவில் என்னைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் வந்து விழுந்தார்கள். யாரோ கன்ரீன் தட்டை எடுத்து மேளம் அடித்தார்கள். பர்ஹானா சத்தம் போட்டுச் சிரித்ததை இன்று கேட்டேன், கணீரென்ற குரல். பெயர் எழுத மறந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களும் நின்று கைதட்டினார்கள். அதைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நுண்பொருளியலில் சுகிர்தனுக்கு என்னைவிட நான்கு புள்ளி கூட. அவன் ஒரு படம்தான் போட்டான். நான் இரண்டாவது படத்தைப் போட்ட நேரத்தில் அவன் கடைசி வினாவை ஒழுங்காக எழுதி முடித்திருக்கிறான். எனக்குச் சந்தோசம்தான். நான்கு புள்ளி ஒன்றும் பெரிதில்லை.

அம்மாவுக்கு அழைத்தேன். கச்சேரியில் இருந்தார், பின்னால் தட்டச்சுச் சத்தம். சொன்னேன்.

"அப்ப நாலு வருசம்."

"ஓம் அம்மா."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. தூரத்தில் அவருடைய குரல் கேட்டது, அலுவலகம் முழுவதற்கும் கேட்கும்படி: "என்ர மகளுக்கு ஸ்பெசல் கிடைச்சிருக்கு. பொருளியல்." யாரோ என்னவோ கேட்டார்கள். "ஓம், எக்கொனொமிக்ஸ். சும்மா ஆக்களை எடுக்கமாட்டினம்." பிறகு இணைப்பைத் துண்டிக்க மறந்துபோய், பக்கத்து மேசைக்காரரிடம் பன்னிரண்டு பேர் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினார். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஜூன் 2, திங்கள்

சிறப்புப் பட்ட வகுப்புகள் தொடங்கின. இனிப் படங்களைவிட எண்கள்தான் கூட. முதல் நாளே தலை சுற்றியது. துவாரகா குறிப்பு எடுத்திருக்கிறாள், பார்த்து எழுதவேண்டும்.

பின்னேரம் இராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு வருகிற வழியில் நான்காம் அறையை எட்டிப் பார்த்தேன். கடையிலிருந்து வரும் வழி அது இல்லை, ஆனால் அதிகம் சுற்று என்றும் சொல்ல முடியாது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சுகிர்தன் குப்பி வைத்துக்கொண்டிருந்தான். முப்பது பேர் இருப்பார்கள். கதிரை போதாமல் கீழேயும் இருந்தார்கள். எனக்கு இந்த வருடம் நேரமில்லை என்று நான் சொன்னதால்தான் அவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

கதவருகில் பாணோடு நின்றேன். பயன்பாடு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் தேத்தண்ணீர் தரும் திருப்தியை இரண்டாவது தேத்தண்ணீர் தராது. அது வரைக்கும் சரி. ஆனால் ஒவ்வொன்றும் தரும் திருப்தியையும் எல்லாம் சேர்ந்து தரும் திருப்தியையும் ஒரே கோட்டில் போட்டுவிட்டான். முப்பது பேரும் குனிந்து அதை எழுதத் தொடங்கினார்கள். அவனே கண்டுபிடிப்பான் என்று பார்த்தேன். அவன் அடுத்ததற்குப் போய்விட்டான்.

பாணை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவன் என்னைக் கண்டதும் வெண்கட்டியை நீட்டினான், நீட்டிவிட்டு முன் வரிசையில் பிள்ளைகளோடு போய் இருந்துகொண்டான். ஒரு கோட்டை இரண்டாக்கிப் போட்டேன். ஒரு பிள்ளை கை உயர்த்தியது. பிறகு இன்னொன்று.

ஏழு மணிக்குக் காவலாளி வந்து, அறை பூட்டவேண்டும் என்றார். இன்னும் பத்து நிமிடம் தாருங்கள் அண்ணை என்று கேட்டேன்.

முன்னால் தரையில் இருந்த பிள்ளை எழுதுவதை நிறுத்தாமலே சொன்னது: "பத்து நிமிசம் காணாது அக்கா."